கணக்கில் பணம் கழிந்தது, போய்ச் சேரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசியில் பணம் அனுப்புவது தள்ளுவண்டிக் கடை முதல் மருத்துவமனை வரை எல்லா இடங்களிலும் வழக்கமாகிவிட்டது. அனுப்பிய பணம் நொடியில் போய்ச் சேரும் வரை யாருக்கும் குறையில்லை. கணக்கில் தொகை கழிந்த பிறகும் எதிர்ப்பக்கம் சேராமல் போகும்போதும், ஏடிஎம் இயந்திரத்திலிருந்து நோட்டு வெளிவராமல் நின்றுவிடும்போதும்தான், யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் வாடிக்கையாளர் தவித்துப்போகிறார். கிளையில் கேட்டால் செயலியில் புகார் செய்யச் சொல்கிறார்கள். செயலியோ வங்கியை அணுகச் சொல்கிறது. சேவை எண்ணை அழைத்தால் பதிவு செய்யப்பட்ட குரல் மட்டுமே பேசுகிறது. ஆனால் இந்திய ரிசர்வ் வங்கி இத்தகைய பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. கெடு தவறினால் வங்கி எவ்வளவு தர வேண்டும் என்பதையும் வகுத்திருக்கிறது. அந்த விதிகளை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு என்பதால், அவற்றையும் அவற்றைக் கையாளும் முறையையும் இங்கே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

என் கணக்கில் கழிந்த பணம் பெறுபவருக்குச் சேராமல் போவது எப்படி?

ஒரு யுபிஐ பரிவர்த்தனையில் நீங்கள் பயன்படுத்தும் செயலி, உங்கள் வங்கி, பெறுபவரின் வங்கி, இவற்றை நடுவில் இணைக்கும் இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்று நான்கு தரப்புகளாவது இருக்கின்றன. நீங்கள் ரகசிய எண்ணை இட்டவுடன் முதலில் உங்கள் கணக்கில் பணம் கழிகிறது. அதற்குப் பிறகுதான் பெறுபவரின் வங்கிக்கு வரவு வைக்கச் சொல்லும் செய்தி செல்கிறது. அந்த வங்கியின் கணினி உரிய நேரத்துக்குள் பதில் தரவில்லை என்றால், பரிவர்த்தனை வெற்றி என்றோ தோல்வி என்றோ உடனே சொல்ல முடியாத நிலை ஏற்படுகிறது. செயலியில் 'நிலுவையில்' என்று காட்டுவது இந்த இடைநிலையைத்தான். பிறகு வங்கிகள் தங்களுக்குள் கணக்கைச் சரிபார்க்கும்போது, பணம் பெறுபவருக்குச் சேரும். இல்லையென்றால் உங்களுக்கே திரும்பும்.

ஆகவே பணம் எங்கேயும் மறைந்துவிடுவதில்லை. அது எந்தக் கட்டத்தில் நின்றது என்பது வங்கிகளின் கணினிப் பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவு உங்கள் கையில் இல்லை. பணம் சேரவில்லை என்பதை வாடிக்கையாளரே நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற தோரணையில் கிளைகளில் பேசப்படும் பேச்சு இதனால்தான் நியாயமற்றது.

எத்தனை நாட்களுக்குள் பணம் திரும்ப வர வேண்டும்?

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கான கெடுக்களை நிர்ணயித்தது. அது அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யுபிஐ அல்லது ஐஎம்பிஎஸ் (வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் அனுப்பும் முறை) வழியாக அனுப்பிய பணம் சேரவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளுக்கு மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்கோ இணைய வணிகத் தளத்துக்கோ பணம் செலுத்தி, உங்கள் கணக்கில் கழிந்து, அவர்களுக்கு உறுதிச்செய்தி போகவில்லை என்றால் கெடு ஐந்து நாள். ஏடிஎம்மில் பணம் கழிந்து நோட்டு வராமல் போனாலும் அதே ஐந்து நாள்தான்.

இந்த நாட்கள் நாட்காட்டித் தேதியை வைத்தே எண்ணப்படுகின்றன. எனவே 'வேலை நாட்கள் ஏழு முதல் பத்து வரை ஆகும்' என்று சேவை மையத்திலிருந்து வரும் வழக்கமான பதிலை, அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

கெடு தவறினால் என்ன கிடைக்கும்? அதை நான் கேட்டுப் பெற வேண்டுமா?

கெடு கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். ஒரு மாதத்தின் முதல் தேதியில் ஏடிஎம்மில் உங்கள் பணம் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் தேதிக்குள் அது திரும்பியிருக்க வேண்டும். இருபதாம் தேதிதான் திரும்பியது என்றால், இடையில் கடந்த 14 நாட்களுக்கு 1,400 ரூபாய் வங்கி தர வேண்டும். அதே தேதிகளில் உறவினருக்கு யுபிஐ வழியாக அனுப்பிய பணம் மாட்டியிருந்தால், கெடு இரண்டாம் தேதியே முடிந்துவிடுகிறது. அப்போது 18 நாட்களுக்கு 1,800 ரூபாய். மாட்டிய தொகை 300 ரூபாயாக இருந்தாலும் 30,000 ரூபாயாக இருந்தாலும் நாளொன்றுக்கான ஈட்டுத்தொகை ஒன்றுதான்.

வாடிக்கையாளர் புகார் செய்யும் வரை காத்திருக்காமல் வங்கி தானாகவே இதை வரவு வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை கூறுகிறது. நடப்பில் பலருக்கு அசல் திரும்பிவிடுகிறது, ஈட்டுத்தொகை வருவதில்லை. அசல் கிடைத்த நிம்மதியில் அவர்களும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். தாமதத்துக்கு ஒரு விலை இருந்தால்தான் வங்கி தன் அமைப்பைச் சீர்படுத்தும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்ட விதி இது. கேட்பவர் இல்லாததால் அது வலுவிழந்து கிடக்கிறது என்பதே என் வருத்தம். அசல் திரும்பிய பிறகும் ஈட்டுத்தொகையை எழுதிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வேறு வங்கியின் ஏடிஎம்மில் பணம் மாட்டிக்கொண்டது. அந்த வங்கிக்குப் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. உங்களுக்கு அட்டை கொடுத்த வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும். மற்ற வங்கியிடம் பேசிப் பதிவுகளைப் பெறுவது அந்த வங்கியின் பொறுப்பு. ஏடிஎம் இயந்திரம் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நோட்டு வெளியே வந்ததா என்பதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது; பணம் நிரப்புபவர்கள் இருப்பைச் சரிபார்க்கும்போது, வெளிவராத நோட்டுகள் மிகுதித் தொகையாகத் தெரிந்துவிடும். 'பரிவர்த்தனை வெற்றி என்றே காட்டுகிறது' என்று உங்கள் வங்கி கைவிரித்தால், இயந்திரத்தின் பதிவேட்டு நகலையும் அன்றைய இருப்புச் சரிபார்ப்பு விவரத்தையும் காட்டும்படியும், அந்த நேரத்துக் கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் எழுத்தில் கேளுங்கள். கேமரா பதிவுகள் காலவரையின்றிச் சேமிக்கப்படுவதில்லை என்பதால், இந்தக் கோரிக்கையை முதல் புகாரிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

வெளியே வந்த சீட்டைக் கசக்கி எறியாமல் வையுங்கள். சீட்டு வரவில்லை என்றால், இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் அடையாள எண்ணையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பக் கோளாறால் தோல்வியடைந்த முயற்சியை மாத இலவசப் பரிவர்த்தனைகளில் ஒன்றாக வங்கி எண்ணக் கூடாது என்பதையும் ரிசர்வ் வங்கி 2019-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

கடையில் பணம் வரவில்லை, மறுபடி அனுப்புங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?

கடைக்காரர் மீது தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய ஒலிபெருக்கி அறிவிக்கவில்லை என்றால் அவருக்கு வேறு வழியும் தெரியாது. முதலில் உங்கள் செயலியின் பரிவர்த்தனை வரலாற்றைத் திறந்து, நிலை என்னவென்று பாருங்கள். வெற்றி என்று காட்டினால், அதிலுள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் காட்டி, அவருடைய செயலியிலும் வங்கிக் கணக்கிலும் பார்க்கச் சொல்லுங்கள். நிலுவையில் என்று காட்டினால், முடிந்தவரை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கடைக்காரரின் கைப்பேசி எண்ணையும் குறிப்பு எண்ணையும் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் அனுப்பிய பணம் பிறகு அவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டால், அதை அவரிடமிருந்து திரும்பப் பெற அந்தக் குறிப்பு உதவும். சேராமல் போனால் ஐந்து நாள் கெடு பொருந்தும்.

எங்கள் ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறோம். அதற்கும் இந்த விதிகள் உண்டா?

உண்டு. ஆதார் வழிப் பணப்பட்டுவாடாவில் கணக்கில் தொகை கழிந்து, முகவரின் கருவிக்கு உறுதிச்செய்தி வரவில்லை என்றால், அதற்கும் ஐந்து நாள் கெடுவும், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாயும் பொருந்தும். முதியோர் உதவித்தொகையையும் நூறு நாள் வேலைக் கூலியையும் இந்த வழியில் எடுப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் கணக்கு இருப்பைக் கைப்பேசியில் பார்ப்பவர்கள் அல்லர். கருவி 'தோல்வி' என்று சொன்னாலும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாமல் மறுபடி கைரேகை வைக்காதீர்கள். அந்த வாரத்திலேயே கிளையில் பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து பாருங்கள். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால், தாத்தா பாட்டியின் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை அவர்கள் பார்ப்பது பெரிய உதவி. கைரேகையைப் பயன்படுத்தாத காலத்தில் ஆதார் ஆணையத்தின் செயலி வழியாக அதைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்கலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள பதில்களில் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். பணம் மாட்டிக்கொண்டதால் பதற்றத்தில் இருப்பவர், தன் வங்கியின் பெயரோடு 'சேவை எண்' என்று தேடுவார் என்பது மோசடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தேடல் முடிவுகளிலும் வரைபடப் பதிவுகளிலும் சமூக ஊடகங்களிலும் போலி எண்களைப் போட்டு அவர்கள் காத்திருக்கிறார்கள். அழைத்தவுடன் ஒரு மனிதர் எடுக்கிறார், பொறுமையாகக் கேட்கிறார், சில நேரம் தமிழிலேயே பேசுகிறார். 'பணத்தைத் திருப்பி அனுப்புவதற்காக' ஒரு செயலியை நிறுவச் சொல்வார். அது உங்கள் திரையை அவருக்குக் காட்டும் செயலி. அல்லது ஓர் இணைப்பை அனுப்பி ரகசிய எண்ணை இடச் சொல்வார். முந்நூறு ரூபாய்க்காக அழைத்தவர், சேமிப்பு முழுவதையும் இழந்து நிற்பது இப்படித்தான்.

இதில் ஏமாந்தவர்களை 'படித்தும் இப்படிச் செய்யலாமா' என்று கடிந்துகொள்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். உண்மையான வங்கியின் எண்ணில் பத்து நிமிடம் பொத்தானை அழுத்தியும் ஒரு மனிதக் குரல் கேட்காத நாட்டில், முதல் மணியிலேயே எடுத்துப் பேசும் போலி எண்ணுக்கு மக்கள் போவதில் வியப்பில்லை. மனிதர்களைச் சேவைப் பணியிலிருந்து விலக்கிச் செலவைக் குறைத்துக்கொண்ட நிறுவனங்களுக்கும் இந்த மோசடியில் பொறுப்பு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

எண் வேண்டுமென்றால் உங்கள் அட்டையின் பின்புறம் பாருங்கள், பாஸ்புக்கில் பாருங்கள், வங்கியின் செயலிக்கு உள்ளே பாருங்கள். அங்கே கிடைப்பது தவிர வேறு எண் வேண்டாம். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. அதைக் கேட்கிறார்கள் என்றாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறப் போகிறது.

புகாரை எப்படிச் செய்வது? செயலியில் செய்தால் போதுமா?

முதலில் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அங்கேயே புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் திரும்பாமல் கெடு கடந்துவிட்டால் வங்கிக்கு மின்னஞ்சலிலோ கிளையில் நேரிலோ எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். செயலியில் அரட்டை இயந்திரத்தோடு நடந்த உரையாடல் சில நாட்களில் காணாமல் போகலாம். கிளை முத்திரையோடு உங்கள் கையில் இருக்கும் நகல் எங்கும் போகாது. கிளையில் பெற்றுக்கொள்ள மறுத்தால், ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கீழே உள்ளதைப் போல் எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, தங்கள் கிளையில் ........ என்ற எண்ணுள்ள சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். ........ தேதி ........ மணிக்கு யுபிஐ வழியாக நான் அனுப்பிய ........ ரூபாய் என் கணக்கில் கழிந்துள்ளது. பெறுபவரின் கணக்கில் சேரவில்லை. பரிவர்த்தனைக் குறிப்பு எண் ........ ஆகும். ரிசர்வ் வங்கியின் 20.09.2019 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி இத்தொகை ........ தேதிக்குள் திரும்ப வரவாகியிருக்க வேண்டும், இன்றுவரை வரவாகவில்லை. அத்தொகையையும், கெடு கடந்த ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் ஈட்டுத்தொகையையும் என் கணக்கில் வரவு வைக்கும்படியும், இப்புகாரின் பதிவு எண்ணை எழுத்தில் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். முப்பது நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகுவேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்."

தேதி, தொகை, குறிப்பு எண், விதி, கோரிக்கை ஆகிய ஐந்தும் இதில் இருக்கின்றன. கோபத்தைக் கொட்டி இரண்டு பக்கம் எழுதுவதைவிட, இப்படிப்பட்ட கடிதத்துக்கு வங்கிகள் விரைவாகப் பதில் சொல்கின்றன. குறிப்பு எண்ணும் விதியும் உள்ள கடிதத்தைக் கிளையிலேயே ஓரமாக வைத்துவிட முடியாது.

தவறான எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டேன். மேலே சொன்ன கெடு எனக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பரிவர்த்தனை முறையாக முடிந்துவிட்டது என்பதால், இதில் வங்கியின் தவறு இல்லை. ஆனால் வழியே இல்லை என்றும் பொருளல்ல. உடனே உங்கள் வங்கியில் புகார் செய்தால், அது பெற்றவரின் வங்கியைத் தொடர்புகொண்டு பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கும். பெற்றவர் ஒப்புக்கொள்ளாமல் அவருடைய கணக்கிலிருந்து வங்கி தானாக எடுக்க முடியாது. அவர் மறுத்தாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது: தவறுதலாகத் தனக்கு வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு கூறுகிறது. பெரிய தொகை என்றால், வழக்கறிஞர் வழியாக ஓர் அறிவிப்பு அனுப்பினாலே பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

முன்பின் தெரியாத ஒருவர், தவறுதலாக என் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கேட்கிறார். கொடுக்கலாமா?

முதலில் உங்கள் வங்கிக் கணக்கில் வரவு உண்மையாகவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் அதைப் போலியாக உருவாக்குவது எளிது. வரவு உண்மையென்றால் பணம் உங்களுடையதல்ல, திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் சொல்லும் வேறு எண்ணுக்கு அனுப்பாமல், அவருடைய வங்கி வழியாகப் புகார் செய்யச் சொல்லுங்கள், உங்கள் கிளையிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மோசடியில் கிடைத்த பணத்தைக் கைமாற்றுவதற்கு அப்பாவிகளின் கணக்கைப் பயன்படுத்துவது உண்டு. அதில் சிக்கினால் உங்கள் கணக்கே முடக்கப்படலாம்.

நான் செய்யாத பரிவர்த்தனையில் பணம் போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

தாமதிக்காமல் வங்கியில் தெரிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதோடு 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையவழி நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் அது. போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் அதை நிறுத்திவைக்க முயல்வார்கள். இங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புள்ளது.

வங்கியைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை பொறுப்பை இப்படிப் பிரித்தது. தவறு வங்கியினுடையது என்றால், நீங்கள் எப்போது தெரிவித்தாலும் உங்களுக்கு இழப்பில்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல், உங்களிடமும் இல்லாமல், வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த நாளைச் சேர்க்காமல் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் உங்களுக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு; சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய். தகவல் தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையை உங்கள் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும்.

ஓடிபி பயன்படுத்தப்பட்டிருக்கிறது, எனவே தவறு உங்களுடையதே என்று வங்கி சொல்கிறது. அத்தோடு முடிந்துவிட்டதா?

முடியவில்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கியில் தெரிவிக்கும் நேரம் வரை அவரையே சாரும் என்பது உண்மைதான். தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆனால் கவனக்குறைவு நடந்தது என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் மேல் இருக்கிறது என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. ஓடிபி இடப்பட்டது என்ற பதிவு மட்டுமே, அதை நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்பதற்குச் சான்றாகிவிடாது.

இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அசாமில் பாரத ஸ்டேட் வங்கியின் வாடிக்கையாளர் ஒருவர், இணையத்தில் வாங்கிய ஆடையைத் திருப்பிக் கொடுக்க முயன்றபோது, விற்பனை நிறுவனத்தின் சேவைப் பிரதிநிதி என்று பேசியவரை நம்பி ஒரு செயலியை நிறுவினார். அவர் கணக்கிலிருந்து 94,204 ரூபாய் போனது. அவர் ஒரு நாளுக்குள் வங்கியில் தெரிவித்தார். ஓடிபியைப் பகிர்ந்ததால் பொறுப்பு அவருடையதே என்று வங்கி வாதிட்டது. அவரிடம் கவனக்குறைவு இருந்ததாக நிறுவப்படவில்லை என்று குவாஹாட்டி உயர்நீதிமன்றம் கூறியது. வங்கியின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 3 அன்று தள்ளுபடி செய்தது. வாடிக்கையாளர்களும் விழிப்போடு இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கும் இப்படி முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் வங்கி முதலில் 'முடியாது' என்று சொன்னதைக் கேட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பணம் போனதுதான்.

வங்கி பதிலே தரவில்லை, அல்லது மறுத்துவிட்டது. அடுத்து எங்கே போவது?

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் புகார் செய்யலாம். வங்கிகளுக்கும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும், மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கும் தனித்தனியாக இருந்த மூன்று திட்டங்களை ஒன்றாக்கி 2021 நவம்பர் 12 அன்று இது தொடங்கப்பட்டது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்து 30 நாட்களாகியும் பதில் வராமல் இருக்க வேண்டும், அல்லது வந்த பதில் நிறைவளிக்காமல் இருக்க வேண்டும். 2021 திட்டத்தின்படி, வங்கியின் பதில் வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இங்கே வந்துவிட வேண்டும். முதல் புகாரின் முத்திரையிட்ட நகலைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்காகத்தான். அது இல்லாமல் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் புகார் திருப்பி அனுப்பப்படும். 2021 திட்டத்தின்படி இழப்புக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலும், அலைச்சலுக்கும் மன வேதனைக்குமாகத் தனியே ஒரு லட்சம் ரூபாய் வரையிலும் அவர் வழங்க முடியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். வாடிக்கையாளர் அவரை நேரடியாக அணுக முடியாது. ஆனால் ஒரு புகாரை முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ மறுப்பதற்கு முன், வங்கி அதை அவருடைய பார்வைக்கு அனுப்ப வேண்டும். மறுப்புக் கடிதம் வந்தால், அது உள் குறைதீர்ப்பாளரின் பரிசீலனைக்குச் சென்று வந்ததா என்று கேளுங்கள்.

எனக்கு ஆங்கிலம் வராது. தமிழில் புகார் எழுதலாமா?

எழுதலாம். தபாலிலும் மின்னஞ்சலிலும் வரும் புகார்களைப் பெற்றுப் பரிசீலிக்கும் மையம் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் இயங்குகிறது. எந்த மொழியில் எழுதிய புகாரையும் அங்கே ஏற்றுக்கொள்வதாக ரிசர்வ் வங்கி அறிவித்திருக்கிறது. வழிமுறை தெரிந்துகொள்ள 14448 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். இணையத்தில் பழக்கம் உள்ளவர்கள் ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மை இணையதளத்திலேயே பதியலாம். அங்கே புகாரின் நிலையையும் பார்த்துக்கொள்ள முடியும் என்பதால், உதவிக்கு ஆள் இருந்தால் அந்த வழியையே பரிந்துரைப்பேன்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாமா?

போகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. வங்கியின் தலைமையகம் மும்பையில் இருக்கிறது என்பது தடையல்ல. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு ஆணையக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடப்பில் அதைவிட நீளும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே முதலில் குறைதீர்ப்பாளர், அங்கே தீர்வு போதவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் என்ற வரிசையே நல்லது. வழக்கு நிலுவையில் இருக்கும் புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதும் இந்த வரிசைக்கு ஒரு காரணம்.

பணத்தைத் திருப்பிவிட்டோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்று வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். பெறலாமா?

முதலில் பாஸ்புக்கிலோ கணக்கு அறிக்கையிலோ வரவைப் பாருங்கள். அது அசல் மட்டுமா, ஈட்டுத்தொகையும் சேர்ந்ததா, இல்லை விசாரணை முடியும் வரை தற்காலிகமாக வைக்கப்பட்ட வரவா என்று கேளுங்கள். தற்காலிக வரவு என்றால் அது பின்னர் திரும்ப எடுக்கப்படலாம். அசல் மட்டும் வந்திருந்தால், 'அசல் தொகை ........ தேதி வரவாகியுள்ளது; ........ நாள் தாமதத்துக்கான ........ ரூபாய் ஈட்டுத்தொகை நிலுவையில் உள்ளது' என்று அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் 'சரி' என்று சொன்னால், அதையே உங்கள் சம்மதமாகப் பதிந்து புகாரை முடித்துவிடக்கூடும். அதனால் எதையும் எழுத்தில் அனுப்பச் சொல்லி, எழுத்திலேயே பதில் கொடுங்கள். முழுத்தொகையும் வந்த பிறகு புகாரை முடித்துக்கொள்ளலாம். கடிதங்களின் நகல்களை மட்டும் அதற்குப் பிறகும் ஓராண்டு வைத்திருங்கள்.